பொத்தானை அவரே போடட்டும்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், யார் துணையும் இல்லாமல் தாங்களாகவே வந்து சேர்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தனியாகவும் என் வணக்கம்.

நான் பிசியோதெரபிஸ்ட். 20 ஆண்டுகளுக்கு மேலாக வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். முதலில் ஒரு சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

82 வயதுப் பெரியவர் ஒருவர். கீழே விழுந்ததில் வலது தோள் எலும்பு முறிந்து, அது கூடி, கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்கு நான் போகத் தொடங்கி மூன்றாவது வாரம். அன்று உள்ளே நுழைந்தபோது மகன் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையை நுழைத்து, மறு கையை நுழைத்து, மேலிருந்து கீழாக மடமடவென்று பொத்தான் போட்டு முடித்தார். அரை நிமிட வேலை. பெரியவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“ஐயாவால முடியாதா?” என்று கேட்டேன்.

“முடியும் சார். ஆனா ரொம்ப நேரம் எடுத்துப்பார். எனக்கு வேலைக்குக் கிளம்பணுமே” என்றார் மகன். அதில் பொய் எதுவும் இல்லை. அன்புக்கும் குறைவில்லை.

மறுநாள் மகன் கிளம்பிய பிறகு போனேன். சட்டையைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மேல் பொத்தானில் ஆரம்பித்தார். அது கழுத்தடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கையையும் உயர்த்தியாக வேண்டும். தோள் இடம் கொடுக்கவில்லை. “கீழேயிருந்து வாங்க ஐயா” என்றேன். கடைசிப் பொத்தான் கண் பார்வையில் இருந்தது. இடது கை துளையை விரித்துப் பிடிக்க, வலது கட்டைவிரல் பொத்தானின் விளிம்பை உள்ளே தள்ளியது. நழுவியது. மறுபடி தள்ளினார். ஒன்று மாட்டியதும் சட்டையின் இரண்டு பக்கமும் நேராக வந்து நின்றுவிட்டன, அடுத்தது கொஞ்சம் சுலபமானது. ஆறு பொத்தானுக்கு ஏழு நிமிடம். என்னையறியாமல் உதவிக்குப் பாய்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடித்ததும் அவர் காலரைத் தடவிச் சரி செய்துகொண்டார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தன் உடையைத் தனதென்று அவர் தொட்டுப் பார்த்ததை அன்றுதான் முதல்முறையாகக் கண்டேன்.

எலும்பு கூடிவிட்டது, தோளும் அசைகிறது. பிறகு அந்த வேலையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது எது? வயதாக ஆக ஒருவர் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பதைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அதில் உடலுக்கு ஒரு பங்கு உண்டு. நோய்க்கு உண்டு, குடியிருக்கும் வீட்டுக்கும் உண்டு. மிச்சப் பங்கு நம்முடையது. அதைப் பற்றித்தான் நாம் வாய் திறப்பதே இல்லை.

மருத்துவத்தில் இந்த இழப்பை அளக்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1963-ல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, உண்பது. இந்த ஆறுதான். நோயில் விழுந்தவர்கள் தேறி வரும்போது இவற்றை ஓர் ஒழுங்கில்தான் திரும்பப் பெறுகிறார்கள் என்பதையும் காட்ஸ் கவனித்தார். உண்பது முதலில் திரும்பும், குளிப்பதும் உடுத்துவதும் கடைசியில். குழந்தை வளரும்போது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும் வரிசையோடு அது ஒத்துப்போவதையும் சொன்னார். கைவிட்டுப் போகும்போது பெரும்பாலும் முதலில் போவது குளியல்.

ஏன் குளியல் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தரை ஈரம். ஒரு பாதத்தைத் தேய்க்க மறு காலில் நிற்க வேண்டும். முதுகுக்குக் கை எட்ட வேண்டும். தலைக்குச் சோப்புப் போட்டால் கண்ணை மூட வேண்டும். வயதானவர் நிலை தடுமாறாமல் நிற்பதற்குக் கண்தான் பெரிய துணை. அந்தத் துணையையும் விட்டுவிட்டு, வழுக்கும் இடத்தில், பிடிமானம் இல்லாமல் அவர் நிற்கிறார். அவ்வளவு திறமைகளும் ஒரே இடத்தில் கூடி வேலை செய்யும் காரியம் அது. “அப்பா குளிக்கவே சோம்பல்படறார்” என்று என்னிடம் சொன்ன வீடுகள் எத்தனையோ. போய்ப் பார்த்தால் பல வீடுகளில் அது சோம்பல் இல்லை, பயம். சுவரில் ஒரு கைப்பிடியும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்ததும் அந்தச் சோம்பல் காணாமல் போயிருக்கிறது.

1969-ல் லாட்டன், ப்ரோடி என்ற இருவர் இன்னொரு பட்டியல் தந்தார்கள். தொலைபேசியில் பேசுவது, கடைக்குப் போய் வருவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் போவது, மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது. இழப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இவை ஒவ்வொன்றாகப் போகும்போது வீட்டில் யாருக்கும் இழப்பாகத் தெரிவதில்லை. “உங்களுக்கு எதுக்குப்பா இந்தச் சிரமம்?” என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

இனி உடலுக்கு வருகிறேன். கால் தசையைத்தான் விரிவாகப் பேசப் போகிறேன், என் தொழில் அது என்பதற்காக மட்டும் இல்லை.

நடு வயதிலிருந்தே தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது. அதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்த பெயர். கிரேக்கத்தில் சதை என்ற சொல்லையும் வறுமை என்ற சொல்லையும் சேர்த்துக் கட்டியது. சதை வறுமை என்றே சொல்லலாம். தசையின் அளவு குறைவதைவிட அதன் பலம் வேகமாகக் குறைகிறது. அந்தப் பலத்தைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன் அதைவிடவும் வேகமாகக் குறைகிறது. கால் இடறும்போது நம்மைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சட்டென்ற திறன்தான்.

இயன்றவர்கள் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். முழங்கால் வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் வேண்டாம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். சிலர் கைப்பிடியைத் தேடுவது இங்கிருந்தே தெரிகிறது. கூச்சப்பட வேண்டாம், இது பரீட்சை இல்லை. இளம் வயதில் நாற்காலியிலிருந்து எழ, இருக்கும் பலத்தில் ஒரு சிறு பகுதி போதும், மீதியெல்லாம் கையிருப்பு. 80 வயதில் அதே காரியத்துக்கு இருப்பது முழுவதும் செலவாகிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இருவரும் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவரிடம் கையிருப்பு இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. ஒரு வாரக் காய்ச்சல் வந்து போனால் முதலாமவர் எழுவார். இரண்டாமவரால் முடியாது. “நேத்து வரைக்கும் நல்லா இருந்தார், ஒரு காய்ச்சல்ல படுத்துட்டார்” என்கிறோம். ஒரே நாளில் நடந்தது இல்லை அது. பல வருடமாகக் கரைந்துகொண்டிருந்ததன் கடைசித் துளி.

குந்தித் தின்றால் குன்றும் கரையும் என்பது சொத்துக்கு மட்டும் சொன்ன பழமொழி என்று நான் நினைக்கவில்லை. 2007-ல் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அந்தப் பத்தே நாளில் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ, அவர்கள் கால்களிலிருந்து மட்டும் குறைந்துவிட்டது. கொழுப்பு இல்லை, கொழுப்பு நீங்கலான சதை. நோயே இல்லாதவர்களுக்கு இப்படி என்றால் நோயோடு படுத்திருப்பவருக்கு? 70 வயதுக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி 2003-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நோய்க்கு முன் தாங்களே செய்துகொண்டிருந்த அடிப்படை வேலைகளில் ஏதோ ஒன்றையாவது இழந்த நிலையில்தான் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெளியே வந்தார். நோய் குணமானவர்களும் அதில் அடக்கம்.

ஆகவே படுக்கையைப் பார்த்துப் பயப்படுங்கள். மருத்துவர் எழக்கூடாது என்று சொல்லாத நாளில், “பேசாம படுங்கம்மா, ரெஸ்ட் எடுங்க” என்று நாம் சொல்வது பல சமயம் கெடுதல்.

இதை உலகுக்கு முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1935-ல் அவர் பொறுப்பேற்ற வார்டுகளில் நூற்றுக்கணக்கான முதியவர்கள் தீராத நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டு வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்தார். கட்டிலை விட்டு எழுப்பி உட்கார வைத்தார், நடக்க வைத்தார். கணிசமானவர்கள் வீட்டுக்கே திரும்பினார்கள். அவர்களைப் படுக்க வைத்திருந்ததில் நோயைவிட, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற முடிவுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

“இந்த வயசுக்கு மேல என்ன பயிற்சி?” என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேருக்கு, எல்லோரும் 90 வயதை ஒட்டியவர்கள், எட்டு வாரம் எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார். 1990-ல் வெளியான முடிவு: கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஆள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் 1994-ல் 100 பேரை வைத்துச் செய்தபோதும், பயிற்சி பெற்றவர்களின் பலம் இரட்டிப்புக்கு மேல் ஆனது. வயதான தசையும் கற்றுக்கொள்ளும். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

விழுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 65 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். எலும்பு முறிந்தால் சிகிச்சை உண்டு. விழுந்த பயத்துக்குத்தான் யாரும் சிகிச்சை தேடுவதில்லை. விழுந்துவிடுவோமோ என்று நடையைக் குறைக்கிறார், நடை குறைந்ததால் கால் தளர்கிறது, கால் தளர்ந்ததால் மறுபடி விழுகிறார். தூக்க மாத்திரை இதற்குத் துணை போகும். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுவதும் அப்படித்தான். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் வேறு வேறு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், ஒரு மருத்துவரிடம் மொத்தமாகக் காட்டுங்கள். “இதில் எது இன்னும் தேவை?” என்று கேளுங்கள்.

காது மந்தமானால் வேறொரு விதமாகப் போகிறது. வங்கியிலும் மருத்துவமனையிலும் எதிரே இருப்பவர் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார். மூன்றாவது முறை பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார். அந்த நொடியிலிருந்து அந்தப் பெரியவர் தன் விஷயத்திலேயே மூன்றாம் மனிதர். கண்ணாடிக்குக் கூசாதவர்கள் காது கருவிக்கு ஏன் கூச வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது நம் பங்குக்கு வருகிறேன். என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா தன் மாத்திரைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். போட்டதும் ஒரு கோடு. ஒரு நாள் கோடு தவறியிருந்ததைப் பார்த்தேன். பாதுகாப்பு என்று சொல்லி நோட்டையும் மாத்திரைகளையும் நானே வாங்கிக்கொண்டேன். வேளை தவறாமல் கையில் கொடுத்தேன், தண்ணீரோடு. மூன்று நான்கு மாதத்தில் அம்மா கேட்கத் தொடங்கினார்: “நான் மாத்திரை போட்டுட்டேனா?” பிறகு, “இன்னிக்கு என்ன கிழமை?” ஞாபகம் போகிறது என்று நினைத்துக் கலங்கினேன். மருத்துவர் சோதித்துவிட்டுப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கிழமையை ஞாபகம் வைத்துக்கொள்ள அம்மாவுக்கு இருந்த காரணத்தையே நான் எடுத்துவிட்டிருந்தேன். ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வாரம் ஒரு முறை அம்மா நிரப்புவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு முறை தவறு வந்தது, அவரே கண்டுபிடித்தார். கிழமை கேட்பது நின்றுபோனது. ஊரெல்லாம் போய் இதைச் சொல்லிக் கொடுக்கும் நான் என் அம்மாவுக்கு அதைச் செய்ய மறந்திருந்தேன். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

மார்கரெட் பால்டெஸ் என்ற உளவியலாளர் முதியோர் இல்லங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்து கவனித்தவர். ஒரு முதியவர் தானே உடுத்திக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முடியவில்லை என்று நின்றால் உடனே ஆள் வருகிறது, பேச்சு வருகிறது, கனிவும் வருகிறது. தனிமையில் இருப்பவருக்கு அது எதைக் கற்றுக்கொடுக்கும்? முடியாமையைத்தான். உடல் இழந்ததன் மேல், இப்படிக் கற்றுக்கொண்ட இழப்பும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு, கவனித்துக்கொள்ளும் மகள்களும் மருமகள்களும் குற்ற உணர்ச்சியோடு எழுந்து போகக் கூடாது. ஏழு நிமிடம் காத்திருக்க உங்களிடம் ஏழு நிமிடம் இருக்க வேண்டும். காலை நேரத்தில் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் எல்லா நாளும் எல்லா வேலையும் என்று கேட்கவில்லை. ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அவசரம் இல்லாத வேளையில், அவர் கையில் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்கச் சொல்லுங்கள். அவர் செய்யும்போது பேச்சுக் கொடுங்கள். செய்யாதபோது கிடைக்கும் பேச்சைவிட அது கூடுதலாக இருக்கட்டும்.

தானே செய்வது வேறு, தானே தீர்மானிப்பது வேறு. இந்த வித்தியாசத்தை எனக்குப் புரிய வைத்தவர்கள் முதியவர்கள் இல்லை, மாற்றுத்திறனாளிகள். எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய அசைவிழந்தவர். 1972-ல் பெர்க்லி நகரில், மாற்றுத்திறனாளிகள் சுயமாக வாழ்வதற்கான மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். உடுத்தவும் எழவும் அவருக்குப் பிறர் கை வேண்டியிருந்தது. ஆனால் எப்போது எழுவது, எங்கே போவது, யார் உதவுவது என்பதெல்லாம் அவருடைய முடிவாக இருந்தது. அவரைச் சுதந்திரம் இழந்தவர் என்று யாராவது சொல்ல முடியுமா?

நம் வீட்டில் தலைகீழாக நடக்கிறது. கை நடுங்குகிறது என்பதற்காகக் காசோலையில் கையெழுத்து மட்டும் போகவில்லை, எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறியும் உரிமையும் சேர்ந்து போய்விடுகிறது. கால் முடியவில்லை என்பதற்காக நடை மட்டும் போகவில்லை, யார் வீட்டுக்குப் போவது என்ற பேச்சிலும் அவர் இல்லை. ஒருவர் சட்டை மாட்டிவிட வேண்டியிருக்கலாம். எந்தச் சட்டை என்று கேட்பதற்கு என்ன தடை?

மறதி நோய் வந்தவர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். கடினமான கேள்வி, என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் நோயின் பெயரைக் கேட்ட அன்றே எல்லாச் சாவிகளையும் வாங்கிவிடுவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். வீட்டை விற்கும் பத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாதவருக்கு, இன்று மாலை வெளியே நடக்கலாமா வேண்டாமா என்பது நன்றாகப் புரியலாம். ஒவ்வொரு முடிவாகப் பார்க்க வேண்டும். மொத்தமாகப் பறிப்பது நமக்கு வசதி, அவ்வளவுதான். இன்னொன்று, ஒரே நாளில், இரண்டு நாளில் வரும் குழப்பம் மறதி நோய் இல்லை. பின்னால் தொற்றோ மருந்தோ நீர் வற்றியதோ இருக்கலாம். அது அவசரம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைத்தடியை வாங்கி மூலையில் சாத்தி வைத்திருக்கிறீர்கள். தடி பிடித்தால் கிழவன் என்பார்கள் என்று வெளியே போவதையே நிறுத்திவிட்டீர்கள். தடியோடு தெருமுனை வரை போய் வருபவர் சுதந்திரமானவரா, தடி இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரா? பிள்ளைகளிடம், “இதை நானே செய்யறேன், இதுக்கு மட்டும் கை கொடு” என்று பிரித்துச் சொல்லுங்கள். சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போனது போனதுதான் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களை மாதந்தோறும் விசாரித்துப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. குளிப்பது, உடுத்துவது போன்ற அடிப்படை வேலைகளுக்குப் புதிதாகப் பிறர் உதவி தேவைப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் மறுபடியும் தாங்களே செய்யத் தொடங்கியிருந்தார்கள். அதில் பலர் பிறகு மீண்டும் தளர்ந்தார்கள் என்பதும் உண்மை. எனக்கு அதிலிருந்து தெரிவது, தேறி வரும் அந்த மாதங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். தோள் முறிந்த பெரியவருக்கும் அந்த மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. நாமோ அரை நிமிடத்தில் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தோம்.

இனி உங்கள் கேள்விகள். மைக் முதலில் பெரியவர்களிடம் போகட்டும். கேள்வியை அவர்களே கேட்கட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துக்கொடுக்க வேண்டாம்.